டீச்சர், அந்தச் சார்ட்டைக் கிழிக்க வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் எடுக்கிறேன். தமிழ் மன்ற விழாவுக்காக, வாட்ஸ்அப்பில் வந்த 'தமிழிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொற்கள்' பட்டியலிலிருந்து 40 சொற்களை எடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து சார்ட் எழுதி மாட்டினேன். விழாவுக்கு வந்திருந்த பேராசிரியர் ஒருவர், "இதெல்லாம் கட்டுக்கதை அம்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மறுநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், அப்போ கட்டுமரமும் பொய்யா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எது உண்மை, எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சார்ட்டைக் கிழித்துவிடட்டுமா? படம் இணைத்திருக்கிறேன்.
– ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். கட்டுமரம் உண்மை. சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி அலையைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்து, அவர்கள் சொன்ன பெயரையே ஐரோப்பியர் எழுதிக்கொண்டார்கள். 1600களின் கடைசியிலேயே அது ஆங்கிலப் பயண நூலில் ஏறிவிட்டது. வழியில் பொருள் கொஞ்சம் மாறியது. இன்று ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்றால் இரட்டை உடல் கொண்ட படகு. ஆனால் சொல் நம்முடையது. இதை அவனிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி 40 சொற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 11 சொற்கள் தமிழோ அதன் உடன்பிறந்த மொழிகளோ கொடுத்தவை. ஐந்து இன்னும் முடிவாகாதவை. மற்ற 24 தவறு. பேராசிரியர் சொன்னதில் பாதி சரி. ஆனால் பிள்ளைகள் கையால் எழுதிய ஒன்றை எல்லார் முன்னாலும் அப்படி ஒரே வீச்சில் தள்ளியிருக்கக் கூடாது. 11 உண்மைகளும் 24 பொய்களோடு சேர்ந்து குப்பைக்குப் போவதுதான் இந்த மாதிரிப் பட்டியல்களால் வரும் பெரிய நஷ்டம். அந்தப் பையனின் கேள்வியில் இருப்பதும் அதுதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அகராதி வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலிப்பது ஆதாரமே அல்ல. 'மோசமான' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'பேட்' உண்டு. பாரசீகத்திலும் அதே பொருளில் 'பத்' உண்டு. பத்மாஷ் என்று திட்டுகிறார்களே, அதில் இருப்பது. ஒலி ஒன்று, பொருள் ஒன்று, உறவு மட்டும் இல்லை. உலகத்தில் இத்தனை மொழிகள் இருக்கும்போது இப்படிச் சில சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது நடக்கத்தான் செய்யும்.

உங்கள் சார்ட்டின் முதல் வரி 'எட்டு – எய்ட்'. இதே வரியை நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். எம்.ஏ. படிக்கும்போது வகுப்பில் எழுந்து பெருமையாகச் சொன்னேன். எங்கள் ஆசிரியர் கோபிக்கவில்லை. "சரி தம்பி, எண்பதை எங்கே வைப்பாய்?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு முழுக்க யோசித்தேன். எண்பது, எண்ணூறு, எண்திசை. எதிலும் 'ட்' இல்லை. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. அப்படியானால் வேர் 'எண்'. எட்டு என்பது அதிலிருந்து பின்னால் உருவான வடிவம். இப்போது ஆங்கிலத்தைப் பாருங்கள். பிள்ளைகள் 'எய்ட்' எழுதும்போது நடுவில் ஒரு ஜி, ஒரு ஹெச் எதற்கு என்று அலுத்துக்கொள்வார்கள் அல்லவா? ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து வரும் ஒலி ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஒலி போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது. ஜெர்மனில் அது இன்னும் 'ஆக்ட்' மாதிரி ஒலிக்கிறது. லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. ஆக, காலத்தில் பின்னோக்கிப் போனால் தமிழ்ச் சொல் 'எண்' பக்கம் போகிறது, ஆங்கிலச் சொல் 'ஆக்டோ' பக்கம் போகிறது. உறவுள்ள சொற்கள் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன.

'ஒன்று – ஒன்' கதையும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்' என்று நீட்டிச் சொல்லப்பட்டது. 'வன்' என்று முன்னால் ஒரு வகரம் ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில். அந்த வகரம் ஒட்டாத பழைய உச்சரிப்பு இரண்டு சொற்களில் அப்படியே தங்கிவிட்டது: 'அலோன்', 'ஓன்லி'. அலோன் என்பது 'ஆல்', 'ஒன்' இரண்டும் சேர்ந்தது. ஓன்லி என்பது 'ஒன்' என்பதோடு 'லி' சேர்ந்தது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்; எழுத்துக்கூட்டல் பாடமும் கூடவே முடிந்துவிடும். நாம் தினமும் பாடம் எடுக்கும் 'ஏ', 'ஆன்' என்ற ஆர்ட்டிக்கிள்களும் தேய்ந்துபோன அதே 'ஒன்'தான்.

'கல்ச்சர் – கலாச்சாரம்' பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கல்ச்சர் லத்தீனில் நிலத்தைப் பண்படுத்துவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கலாச்சாரம் என்பதோ கலா, ஆசாரம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. அதைத் தமிழின் கொடை என்று காட்டவே முடியாது.

ஒலி ஒற்றுமை ஆதாரம் இல்லையென்றால் வேறு எது ஆதாரம்? மாற்றத்தில் இருக்கும் ஒழுங்கு. அதற்கான சாட்சிகள் உங்கள் வகுப்பிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். படகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளைகளை எழுப்பி, பாலுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். ஹாலு என்பார்கள். பத்துக்கு ஹத்து. அவர்கள் ஊரை ஹட்டி என்பார்கள். அது நம் பட்டி. தமிழில் சொல்லின் முதலில் பகரம் நிற்கும் இடத்தில் அங்கே ஹகரம் வருகிறது. ஒரு சொல்லில் வந்தால் தற்செயல். சொல்லுக்குச் சொல் அதே இடத்தில் அதே மாற்றம் வந்தால் அது ரத்த உறவு. கன்னடத்திலும் இதே கதைதான். பழைய கன்னடத்தில் அதுவும் பகரமாகத்தான் இருந்தது.

ஐரோப்பாவிலும் இப்படியே கண்டுபிடித்தார்கள். லத்தீனில் பகரம் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃபகரம் வரும்: அப்பாவுக்கு லத்தீனில் 'பாட்டர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. மீனுக்கு அங்கே 'பிஸ்கிஸ்', இங்கே 'ஃபிஷ்'. 1822இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் அறிஞர் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஓர் ஆச்சரியம் தெரியும். காலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஃபுட்'. வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'பாதம்'. காதுக்குச் சம்பந்தமே இல்லாத இவை இரண்டும் உண்மையான ஒன்றுவிட்ட உறவினர்கள். காதுக்கு இரட்டையர்களாகத் தெரியும் எட்டும் எய்ட்டும் அந்நியர்கள். இந்த ஒரு விஷயம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டால், அடுத்து வரும் எந்த ஃபார்வர்டையும் அவர்களே சோதித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் அவர்களிடம் சொல்ல வேண்டும். 1935 முதல் 1938 வரை மரே எமெனோ என்ற மொழியியலாளர் தென்னிந்தியாவில் தங்கி ஆய்வு செய்தார். இந்த நீலகிரியில் தோடர்களோடும் கோத்தர்களோடும் உட்கார்ந்து அவர்கள் பேச்சை எழுதிக்கொண்டார். பிறகு தாமஸ் பரோ என்பவரோடு சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். எங்கள் தொழிலில் அதைத் திறக்காத நாளே கிடையாது. அதில் தமிழ்ச் சொல் உள்ள ஒவ்வொரு பதிவும் தமிழில் தொடங்கும், அடுத்து மலையாளம், அதற்கு அடுத்து கோத்தர் மொழி, பிறகு தோடர் மொழி. உலகம் முழுக்க அறிஞர்கள் ஒரு தமிழ்ச் சொல்லின் வயதைப் பார்க்க உங்கள் மலையின் மொழிகளைத்தான் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பெருமைப்பட ஒன்று வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள்.

நம் சொல் ஆங்கிலத்துக்குப் போனதா என்று பார்க்கும்போது ஒழுங்கோடு இன்னொன்றும் வேண்டும்: வழி. யார் கொண்டுபோனார்கள், எந்தக் கப்பலில், எந்தப் பொருளோடு? சுருட்டு 'ஷெரூட்' ஆனதற்கு வழி தெரியும், புகையிலையோடு போனது. சொல்லுக்குப் பிறந்த வீடும் தெரியும். சுருள், சுருட்டு, சுருங்கு என்று ஒரு குடும்பமே தமிழில் இருக்கிறது. கறி போர்ச்சுகீசியர் வாயில் 'கரில்' ஆகி, பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. (சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. யவனர் கப்பல் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று முசிறியைப் பாடும் அகநானூற்று வரியைப் பெரிய வகுப்புக்கு எடுக்கும்போது நினைவில் வையுங்கள்.) வெற்றிலை, தேக்கு, மாங்காய், கயிறு எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனவைதான். ஆனால் போர்ச்சுகீசியர் முதலில் இறங்கியது மலையாளக் கரையில். அதனால் அந்த வரிசைக்கு மேலே 'தமிழ், மலையாளம்' என்று இரண்டையும் போடுங்கள். உங்கள் பள்ளியில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கும் பங்கு உண்டு. அதே கப்பல்கள் திரும்பி வரும்போது நமக்கு ஜன்னலும் சாவியும் அலமாரியும் கொண்டுவந்தன என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருந்த 'கேஷ் – காசு' எனக்கு மிகவும் பிடித்த கேஸ். ஏனென்றால் ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் லத்தீனில் பெட்டி என்று பொருள்படும் 'கப்சா'விலிருந்து, இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது. முதலில் அது பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறித்தது. கேஷியர் என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். இன்னொரு கேஷ் நம்முடையது: காசு போர்ச்சுகீசியத்தில் 'கைஷா' ஆகி, ஆங்கிலத்தில் சின்னச் செப்பு நாணயத்துக்குப் பெயரானது. பழைய மதராஸ் கணக்கில் 80 கேஷ் ஒரு 'ஃபனம்', 42 ஃபனம் ஒரு 'பகோடா' என்ற பொற்காசு. அந்த ஃபனமும் நம் பணம்தான். கம்பெனிக்காரர்கள் கணக்குப் புத்தகத்தில் காசையும் பணத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நாணயம் ஒழிந்தது, கூடவே அந்தக் கேஷும் பழைய புத்தகங்களுக்குள் போய்விட்டது. ஆகவே சார்ட்டில் இருப்பது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

இஞ்சியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இஞ்சிவேர் என்ற நம் சொல்லின் பழைய வடிவம் பாலி மொழியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ் என்று நடந்து நடந்து ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' ஆனது. நாரத்தையும் ஆரஞ்சும் ஒரே குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம்: வடமொழியில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், ஸ்பெயினில் நாரன்ஹா என்று முதலிலுள்ள நகரம் ('ந' ஒலி) கூடவே போகிறது, பிரெஞ்சுக்குள் நுழைகிற இடத்தில் உதிர்ந்துவிடுகிறது. இப்படி ஒரு நகரம் உதிர்வதை ஆங்கிலத்துக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் சமையல்காரர் கட்டும் 'ஏப்ரன்' இருக்கிறது. அது முன்னே 'நேப்ரன்'. 'ஏ நேப்ரன்' என்று சொல்லிச் சொல்லி 'ஆன் ஏப்ரன்' ஆகிவிட்டது.

முடிவாகாத ஐந்தில் 'ரைஸ் – அரிசி' முக்கியமானது. ரைஸ் கிரேக்கத்தின் 'ஒரிசா' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்த ஒரிசா அரிசியிலிருந்து போனதா, அல்லது வடமொழியில் நெல்லைக் குறிக்கும் வ்ரீஹிக்கு உறவான ஈரானியச் சொல்லிலிருந்து போனதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. இன்று பெரும்பாலோர் ஈரானிய வழியைச் சொல்கிறார்கள். அனகோண்டாவை 'யானை கொன்றான்' என்று பிரிப்பது கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சிங்களமும் அதற்கு உரிமை கேட்கிறது. இந்த மாதிரிச் சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அப்படியே விடுங்கள். அறிவியல் பாடத்தில் இன்னும் விடை தெரியாத கேள்விகள் உண்டு என்று சொல்கிறோம் அல்லவா, மொழிப் பாடத்திலும் சொல்லலாம்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். சார்ட்டின் கடைசி வரிசையில் 'பரையா', 'கூலி' இரண்டையும் பெருமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். முதலாவது நம்மிடமிருந்து போனதுதான், அதில் ஐயமே இல்லை. பறை அடித்தவர்களின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் ஆங்கிலம் இன்றும் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறது. இரண்டாவதற்கு நம் கூலியும், குஜராத் பக்கத்து ஒரு சமூகத்தின் பெயரும் சேர்ந்தே காரணமாகச் சொல்லப்படுகின்றன. அந்தச் சொல்லை வைத்துத்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களைக் கொண்டுபோனார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குடும்பத்துப் பிள்ளை, தன் தாத்தாவை யாரோ கேவலமாகக் கூப்பிட்ட சொல்லைத் தமிழின் கொடை என்று சுவரில் படித்தால் என்ன நினைக்கும்? இரண்டையும் சார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மறைக்கச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் ஒதுக்கி, ஒரு மக்களின் பெயர் எப்படி வசையாக மாறியது, யார் மாற்றினார்கள், அதை ஏன் இன்று சொல்லக் கூடாது என்று நேராகப் பேசுங்கள். அப்போது அது பாடமாகும். பெருமைப் பட்டியலில் இருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் காயம்தான்.

டீ பற்றியும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தேநீர் என்பதைத் தேன், நீர் என்று பிள்ளைகள் பிரிக்கிறார்களாம். அழகான பிரிப்பு, ஆனால் தவறு. தேயிலையின் 'தே', ஆங்கில 'டீ' இரண்டுமே சீனாவின் ஃபூஜியன் கரையில் 'தே' என்று சொன்னதிலிருந்து வந்தவை. டச்சுக்காரர்கள் கடல் வழியாகப் பரப்பினார்கள். அதே செடிக்குச் சீனாவின் மற்ற பகுதிகளில் 'சா' என்று பெயர். அது நிலவழியாகப் போய்ச் சாய் ஆனது. கூடலூர் பக்கம் போனால் சாயா கேட்பார்கள், கோத்தகிரியில் டீ கேட்போம். இரண்டுக்கும் சீனத்தில் ஒரே எழுத்துதான்.

அடுத்த தடவை ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே பார்க்கலாம். ஆங்கிலப் பக்கத்துக்கு எடிமான்லைன் என்ற இணையதளம் போதும். நம் நாட்டிலிருந்து போன ஆங்கிலச் சொற்களுக்கு, 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி இன்றும் படிக்கத் தகுந்தது. அதில் சில விளக்கங்கள் பழையதாகிவிட்டன என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ட்டைக் கிழிக்காதீர்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று ஸ்கெட்ச் பேனா கொடுத்து, ஒவ்வொரு சொல்லாக விவாதித்து அவர்களையே அடிக்கோடு போடச் சொல்லுங்கள். சிவப்பு நிறைய வரும், பரவாயில்லை. ஏன் சிவப்பு என்று ஒரு வரியில் பக்கத்தில் எழுதட்டும். அந்தப் பேராசிரியரை மறுபடியும் கூப்பிட்டுக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், 40 சொற்களில் ஒன்றைக் காணோம். உங்கள் மலையின் மடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில் அடர்ந்து கிடக்கும் காட்டுக்கு உலகம் முழுக்கத் தாவரவியல்காரர்கள் ஆங்கிலத்தில் என்ன பெயர் எழுதுகிறார்கள் தெரியுமா? 'ஷோலா'. நம் சோலைதான். இடையில் போர்ச்சுகீசியரும் இல்லை, கிரேக்கரும் இல்லை. இந்த மலைகளில் கேட்டு நேரே எழுதிக்கொண்டது. பச்சைப் பேனாவை அந்தப் பையனிடம் கொடுத்து, கட்டுமரத்துக்குக் கீழே அதை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அகராதிக்காரன், குன்னூர்